மச்சம் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்

(விருத்தாசலத்தில் கல்லூரி மாணவர்களும் பெற்றோரும் செராமிக் தொழிலாளர்களும் கூடியிருந்த மாலைக் கூட்டமொன்றில் ஊடக, பண்பாட்டுக் கல்வி குறித்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேடையேறும் முன் வாசலில் ஒருவர் என்னை நிறுத்தினார். செராமிக் கம்பெனியில் முப்பது வருஷம் சூளை பார்த்தவர். எனக்கு மாமா முறை. "மாப்ள, பாப்பா பி.ஏ. முடிச்சிட்டா. மேல மீடியாவும் கல்ச்சரும் படிக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. டிவியில செய்தி வாசிக்கிற படிப்பா அது? இல்ல, பரதநாட்டியமா?" என்று கேட்டார். சிரித்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. இருபது வருஷமாக இந்தப் பாடத்தைத்தான் நடத்துகிறேன். ஆனாலும் அந்தக் கேள்விக்கு ஒரே மூச்சில் பதில் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை. ஆகவே இன்றைய பேச்சு முழுவதையும் அவருக்கான பதிலாக வைத்துக்கொள்ளுங்கள். மாமா மூன்றாவது வரிசையில்தான் இருக்கிறார். தூங்கினால் பக்கத்தில் இருப்பவர்கள் எழுப்பிவிடுங்கள்.

என் கையில் இருப்பது கிட்கேட். சாக்லேட் இல்லை, ஃபியூஸ். இந்த ஊரில் இதற்கு விளக்கம் தேவையில்லை. மெயின் போர்டில் இதைப் பிடுங்கிக் கம்பி சுற்றி மறுபடி செருகாத வீடு ஒரு காலத்தில் கிடையாது. எம்.சி.பி. வந்த பிறகு இதற்கு இருந்த கிராக்கி குறைந்துபோனது. என் வகுப்புக்கு முதல் நாள் வரும் பிள்ளைகளிடம் இதைக் காட்டி, "இது ஊடகமா?" என்று கேட்பேன். இல்லை என்பார்கள். ஊடகம் என்றால் அவர்களுக்குப் படம், பாட்டு, செய்தி, ரீல்ஸ்.

சரி, செய்தி ஓடக் கம்பி வேண்டும். கம்பியைத் தூக்கிப் பிடிக்கக் கம்பம் வேண்டும். கம்பி கம்பத்தை நேரே தொட்டால் மழைநாளில் மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிடும். அதோடு செய்தியும் இறங்கிவிடும். அதனால்தான் தந்திக் கம்பத்து உச்சியில் கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி ஒரு வெள்ளைப் பீங்கான் இருந்தது. பிறப்பு, இறப்பு, வேலை உத்தரவு என்று நம் வீடுகளுக்கு வந்த தந்தியெல்லாம் அந்தப் பீங்கான்களின் தயவில் வந்தவைதான். 2013 ஜூலையில் தந்தி நின்றுபோயிற்று. பீங்கான் நிற்கவில்லை. உங்கள் சட்டைப்பையில் இருக்கும் செல்போனைப் பிரித்தால் கடுகைவிடச் சிறியதாக நூற்றுக்கணக்கான செராமிக் கெப்பாசிட்டர்கள் இருக்கும். அவை பெரும்பாலும் ஜப்பான், கொரியக் கம்பெனிகளின் சரக்கு, நம் சூளையில் வெந்தவை அல்ல. ஆனாலும் செராமிக் செராமிக்தான்.

ஊடகத்தைப் படிப்பது என்றால் திரையில் தெரிவதை மட்டும் பார்ப்பதல்ல, அதைத் தாங்குவது எது, தாங்குகிறவர் யார், அவருக்கு என்ன கூலி என்பதையும் பார்ப்பது. பதிலில் முதல் பாதி இது. மறுபாதிக்கு நம் கோயிலுக்குப் போக வேண்டும்.

சுந்தரர் கதை இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். நம் ஊரான திருமுதுகுன்றத்துப் பழமலைநாதரிடம் 12,000 பொன் பெற்றார். வழியில் கள்வர் பயம். பொன்னை மணிமுத்தாற்றில் போடு, திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள் என்று இறைவன் சொன்னார். போட்டார், கமலாலயத்தில் இறங்கித் தேடினார். அவர் மனைவி பரவையாருக்கே நம்பிக்கை வரவில்லை. ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்று இன்று நாம் கேலிக்குச் சொல்கிறோமே, அதே கதை. நெட்பேங்கிங் வந்த புதிதில் இதை வைத்து நம்மூர்க்காரர்கள் சிரித்ததும் எனக்கு நினைவிருக்கிறது.

இதில் நடுவே ஒரு சின்ன விஷயத்தை நாம் வேகமாகத் தாண்டிவிடுகிறோம். பொன்னை ஆற்றில் விடும் முன் சுந்தரர் அதில் கொஞ்சம் மச்சம் வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார். மச்சம் என்றால் மாதிரித் துணுக்கு. குளத்தில் கிடைத்த பொன்னை அந்த மச்சத்தோடு ஒப்பிட்டு உரைத்துப் பார்த்தபோது மாற்றுக் குறைந்திருந்தது. கொடுத்தவர் கடவுள், கொண்டுபோய்ச் சேர்த்தவர் கடவுள், வாங்கியவர் அவருடைய தோழர். அப்படியும் வழியில் மாற்றுக் குறைகிறது. அப்படியும் தோழர் மாதிரி வெட்டி வைத்திருக்கிறார். பக்தியும் சோதனையும் ஒரே ஆளிடம் இருக்கலாம் என்பதை இதைவிட அழகாகச் சொன்ன கதையை நான் படித்ததில்லை.

ஸ்டூவர்ட் ஹால் என்றொருவர். ஜமைக்காவில் 1932இல் பிறந்து, படிக்க இங்கிலாந்து போய், அங்கேயே தங்கிவிட்ட கறுப்பின அறிஞர். 1973இல் தொலைக்காட்சியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். உலகம் முழுக்க ஊடகம் படிக்கிற பிள்ளைகள் இன்றைக்கும் முதல் பருவத்தில் அதைப் படிக்கிறார்கள். அதன் சாரம்: நிகழ்ச்சியைச் செய்கிறவர் ஒரு பொருளை அதற்குள் வைத்து அனுப்புகிறார், பார்க்கிறவர் அதே பொருளை எடுத்துக்கொள்வார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அப்படியே ஏற்பவர் உண்டு. பாதி ஏற்றுப் பாதியைத் தன் அனுபவத்துக்கு வளைத்துக்கொள்பவர் உண்டு. எதிர்த்துப் படிப்பவரும் உண்டு. ஆற்றில் போட்டது குளத்தில் எப்படிக் கிடைக்கிறது என்பதுதான் அவருடைய கேள்வியும். அவர் சுந்தரரைப் படித்திருக்க மாட்டார். நம் பிள்ளைகள் ஹாலைப் படிக்கும்போது சுந்தரர் நினைவுக்கு வந்தால் பாடம் பாதி நேரத்தில் முடிந்துவிடும்.

மாமாவுக்கு இதெல்லாம் புதிது இல்லை. சூளைக்குள் அடுக்கிய சரக்கு வெந்ததா இல்லையா என்று வெளியே நின்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள் மாமா? உள்ளே ஒரு சின்னக் கோன் வைப்பீர்கள்; உரிய சூட்டில் அது தலை சாயும். இல்லாவிட்டால் ஒரு மாதிரித் துண்டை வைத்து வெளியே இழுத்துப் பார்ப்பீர்கள். மொத்தச் சரக்கையும் நம்பி உட்கார்ந்திருக்க மாட்டீர்கள். மச்சம் வெட்டுகிற தொழில்தான் நீங்கள் செய்ததும். உங்கள் மகள் படிக்கப்போவதும் அதைத்தான்.

இந்தப் படிப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பாடப்புத்தகங்கள் பர்மிங்காம் என்று சொல்லும். 1964இல் ரிச்சர்ட் ஹாகர்ட் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் சமகாலப் பண்பாட்டு ஆய்வு மையத்தைத் தொடங்கினார். பெங்குவின் பதிப்பகத்து ஆலன் லேன் பணம் தந்தார். அவருக்குப் பின் ஹால் பொறுப்பேற்றார். 2002இல் அதே பல்கலைக்கழகம் அந்தத் துறையை இழுத்து மூடியது. எல்லாம் சரி. ஆனால் கதை அங்கே தொடங்கவில்லை.

இங்கிலாந்தில் ஸ்டோக்-ஆன்-டிரெண்ட் என்று ஒரு பீங்கான் நகரம் இருக்கிறது. ஆறு சிறு நகரங்கள் சேர்ந்தது. அந்த வட்டாரத்துக்கே 'பாட்டரீஸ்', அதாவது மட்பாண்டத் தொழிற்சாலைகள் என்றுதான் பெயர். ஆறில் ஒன்று லாங்டன். 1908 ஜனவரியில் ஆர். எச். டானி என்ற 27 வயது ஆசிரியர் ரயிலேறி அங்கே போய்த் தொழிலாளர்களுக்கு மாலை வகுப்பு எடுக்க ஆரம்பித்தார். வெள்ளிக்கிழமை லாங்டன், மறுநாள் நெசவாலை நகரமான ராச்டேல். பாடம் பொருளாதார வரலாறு. ஒரு மணி நேரம் பேச்சு, ஒரு மணி நேரம் விவாதம், இரண்டு வாரத்துக்கு ஒரு கட்டுரை. மூன்று வருஷம் விடாமல் வர வேண்டும் என்பது ஒப்பந்தம். பட்டம் கிடையாது, வேலை உயர்வும் கிடையாது. பகலெல்லாம் உழைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, எதிர்க் கேள்வி கேட்ட கூட்டம் அது.

நாற்பது வருஷம் கழித்து, அந்த மாலை வகுப்பு மரபில்தான் ஹாகர்ட்டும் ரேமண்ட் வில்லியம்ஸும் ஈ. பி. தாம்ஸனும் ஆசிரியர்களாக வேலை பார்த்தார்கள். அவர்கள் எழுதிய புத்தகங்கள்தான் பிறகு ஒரு துறையாகின. வகுப்பில் உட்கார்ந்திருந்த தொழிலாளி, "நீங்கள் சொல்கிற இலக்கியம் சரி, நான் படிக்கிற வாரப் பத்திரிகையையும் பார்க்கிற சினிமாவையும் என்ன செய்வது?" என்ற பக்கம் பேச்சை இழுத்துக்கொண்டு போனபோது, அந்தக் கேள்விக்குப் பல்கலைக்கழகத்தில் துறை இல்லை. பண்பாட்டு ஆய்வு பிறந்தது மாலை வகுப்பில்தான், புத்தகங்களில் அல்ல என்று வில்லியம்ஸ் தன் கடைசிக் காலத்தில் வலியுறுத்திச் சொன்னார்.

அந்த வில்லியம்ஸின் அப்பா யார் தெரியுமா? வேல்ஸ் எல்லையோரக் கிராமம் ஒன்றில் ரயில்வே சிக்னல்காரர். விருத்தாசலம் ஜங்ஷனில் கைகாட்டி இறக்கி ஏற்றிய குடும்பங்களின் பிள்ளைகள் இந்த அவையில் இருப்பீர்கள். பண்பாடு என்பது சாதாரணமானது, தினசரி வாழ்க்கையில் இருப்பது என்று 1958இல் எழுதியவர் அந்தச் சிக்னல்காரர் மகன். பீங்கான் தொழிலாளியும் ரயில்வே தொழிலாளி மகனும் கூடிச் செய்த படிப்பு, பீங்கானும் ரயிலும் இருக்கிற ஊரில் "அது நமக்கெதுக்கு" என்று கேட்கப்படுகிறது. இதுதான் எனக்கு ஆதங்கம்.

நம் பக்கத்திலும் இதைப் பல்கலைக்கழகம் முதலில் செய்யவில்லை. பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திக்கொண்டே நா. வானமாமலை நெல்லை ஆய்வுக் குழுவைக் கூட்டினார். 1969இல் 'ஆராய்ச்சி' இதழைத் தொடங்கினார். ஈழத்தில் கா. சிவத்தம்பி தமிழ்ச் சினிமாவை அரசியல் தொடர்புச் சாதனமாகப் படித்தார். தியடோர் பாஸ்கரன் நாடகத்தையும் பழைய படங்களையும் விடுதலை இயக்கத்தோடு சேர்த்துப் படித்தார். தொ. பரமசிவன் உப்பையும் உரலையும் எடுத்துவைத்துப் பேசியபோது அதுவும் ஆய்வா என்று உதட்டைப் பிதுக்கியவர்கள் உண்டு. 'பண்பாட்டு ஆய்வு' என்று தனியாகப் பலகை மாட்டாமலே தமிழில் இது நடந்திருக்கிறது. மும்பைக்கோ ஐதராபாத்துக்கோ போய்ப் படிக்கிற நம் பிள்ளைகள் பர்மிங்காமை மனப்பாடமாகச் சொல்கிறார்கள், நா.வா.வைக் கேட்டால் விழிக்கிறார்கள். மச்சம் இல்லாமல் போன பொன்.

இனி நம் ஊருக்கு வருவோம். 2006 சட்டமன்றத் தேர்தல்.

கட்சி தொடங்கி ஒரு வருஷம்கூட ஆகாத நடிகர் விஜயகாந்த், மதுரைப் பக்கத்துக்காரர், நம் தொகுதியில் வந்து நின்றார். பாமக வலுவாக இருந்த வட்டாரம். தமிழ்நாடு முழுக்க அவர் கட்சி வென்ற ஒரே தொகுதி விருத்தாசலம். மறுநாளே சென்னையிலும் டெல்லியிலும் விளக்கம் வந்துவிட்டது: தமிழர்கள் சினிமா மயக்கத்தில் ஓட்டுப் போடுகிறார்கள்.

இந்த விளக்கத்துக்கு ஒரு முன்கதை உண்டு. எம்.ஜி.ஆரைப் பற்றி எம். எஸ். எஸ். பாண்டியன் 1992இல் ஒரு முக்கியமான புத்தகம் எழுதினார். பிம்பம் என்பது ஒரு பொறி, அதில் ஏழைகள் எப்படிச் சிக்கினார்கள் என்று கேட்ட புத்தகம். பாண்டியன் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. அந்தக் கேள்வியைக் கேட்கவே துணிச்சல் வேண்டும். ஆனால் 'பொறி' என்ற சொல்லை நான் ஒத்துக்கொள்வதில்லை. எலிக்குத்தான் பொறி. அந்தத் தேர்தல் சமயம் நான் ஊரில் இருந்தேன். டீக்கடையிலும் தொழிற்பேட்டை வாசலிலும் காதில் விழுந்த பேச்சில் சினிமாவும் இருந்தது, கணக்கும் இருந்தது. "இவரு இந்த ஊரு ஆளு இல்ல. யாருக்கும் சொந்தமில்ல, யாருக்கும் பகையில்ல" என்று ஒரு பெரியம்மா சொன்னார். 'கேப்டன் பிரபாகரன்' படத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "அது கெடக்குது, அது வெறும் படம்" என்றார். ஹால் சொன்ன இரண்டாவது வகை வாசிப்பை அந்தப் பெரியம்மா வெற்றிலை மென்றபடி முடித்துவிட்டார். பிம்பம் கதவைத் தட்டியது, உண்மை. கதவைத் திறந்தவர் என்ன நினைத்துத் திறந்தார் என்று வீட்டுக்குள் போய்க் கேட்காமல் மயக்கம் என்று எழுதிவிட்டால் அது ஆய்வில்லை, சோம்பல்.

அதே தேர்தலில்தான் இலவசக் கலர் டிவி வாக்குறுதியும் வந்தது. திமுக ஆட்சிக்கு வந்து பெட்டிகளைக் கொடுக்கவும் செய்தது. இலவசம் நல்லதா கெட்டதா என்று தொலைக்காட்சியில் பட்டிமன்றம் நடத்தினார்கள். டிவி வந்த பிறகு வீட்டுக்குள் யார் எங்கே உட்கார்ந்தார்கள், யார் கையில் ரிமோட், பக்கத்து வீட்டுத் திண்ணையில் நின்று எட்டிப் பார்த்த பிள்ளைகள் அதற்குப் பிறகு எங்கே நின்றார்கள்? இவற்றைக் கேட்பதுதான் எங்கள் படிப்பு. கேட்டு எழுதி வைத்தவர்கள் குறைவு. அந்த வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள் இப்போது இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

என் சொந்தக் கதை ஒன்று சொல்ல வேண்டும். எனக்குப் பத்து வயது. எங்கள் ஆயாவின் ஆடு காணாமல் போனது. போலீசுக்குப் போகவில்லை, மணவாளநல்லூருக்குப் போனார். கொளஞ்சியப்பர் என்கிற முருகன் கோயிலில் பிராது கட்டுவது உங்களுக்குத் தெரியும். குறையைத் தாளில் மனுவாக எழுதி, சாமி முன் வைத்துப் பூசை செய்து, முனியப்பர் சந்நிதியில் கட்டிவிட வேண்டும். நம் ஊருக்கும் கோயிலுக்கும் எவ்வளவு தூரமோ அதற்கேற்பப் படிப்பணம். காரியம் முடிந்தால் திரும்பப் போய்ப் பிராதை வாபஸ் வாங்க வேண்டும்.

இந்தச் சொற்களைக் கவனியுங்கள். பிராது, மனு, படி, வாபஸ். எல்லாம் கச்சேரிச் சொற்கள். நீதிமன்றத்துக்குப் போக வசதியில்லாத, போனாலும் நியாயம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில்லாத ஜனங்கள், அந்த நீதிமன்றத்தின் தாளையும் மொழியையும் கட்டணத்தையும் எடுத்துக்கொண்டுபோய் முருகன் கையில் கொடுத்துவிட்டார்கள். சம்மன் கொண்டுபோகும் சேவகனுக்குத் தூரத்தைப் பார்த்துப் படி கொடுத்த மாதிரி, இங்கே காவல் தெய்வத்துக்கு. அரசாங்கத்தின் வடிவத்தை எடுத்து அரசாங்கம் தராததைக் கேட்பது. எத்தனை நாட்டுக் கோட்பாட்டைப் படித்தாலும் இதைவிடக் கூர்மையான ஒரு உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

ஆயாவுக்கு எழுதத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் விடுப்பு விண்ணப்பம் எழுதி முதல் மதிப்பெண் வாங்கியவன் நான். ஆயா சொல்லச் சொல்ல எழுதினேன். "எங் குட்டி ஆட்ட எவனோ கண்ணுல கொள்ளி வைக்கிறவன் ஓட்டிக்கிட்டுப் போயிட்டான்" என்று அவர் சொன்னதை, "எனது ஆடு மர்ம நபரால் களவாடப்பட்டுள்ளது" என்று எழுதினேன். பேப்பரில் அப்படித்தானே போடுவான். படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். ஆயா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இது யாரு ஆட்டுக்குடா எழுதியிருக்க?" என்று கேட்டார்.

திருப்பி எழுதினேன், கொள்ளிக் கண்ணோடு.

என் இருபது வருஷப் பாடத்தையும் ஆயா ஒரு கேள்வியில் முடித்துவிட்டார். அனுப்பியது ஒன்று, வழியில் நான் மாற்றுக் குறைத்தேன், அவர் மச்சத்தை வைத்து உரைத்துப் பார்த்துவிட்டார். எழுத்து தெரியாதவருக்கும் உரைகல் தெரியும்.

பிற்பாடு நான் மேற்படிப்புப் படித்த இடத்தில், வீட்டுப் பண்பாட்டிலிருந்து ஏதாவது ஒன்றை எடுத்து எழுதச் சொன்னார்கள். இந்தப் பிராதைத்தான் எழுதிக் கொடுத்தேன். சிவப்பு மையில் ஒரு வரி எழுதித் திருப்பித் தந்தார்கள்: இதில் கோட்பாட்டாளர் யார்? ஆயா பெயரை எழுதலாமா என்று யோசித்தேன். மதிப்பெண் போய்விடும் என்று எழுதவில்லை. நான்கு பிரெஞ்சுக்காரர்கள் பெயரைச் சேர்த்துக் கொடுத்தேன், பாஸ் ஆனேன். அந்தப் பிரெஞ்சுக்காரர்கள் மோசமில்லை. அவர்களை முன்னால் உட்கார வைத்து ஆயாவைத் திண்ணைக்கு அனுப்பினேனே, அதுதான் மோசம்.

ஆயா ஆட்டுக்கு நடந்தது ஊர்ப் பேச்சுக்கே நடக்கிறது. மணக்கொல்லைக்காரர் கண்மணி குணசேகரன், போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்துக்கொண்டே இந்த வட்டாரத்துச் சொல்லையெல்லாம் சேர்த்து 'நடுநாட்டுச் சொல்லகராதி' போட்டார். இமையம் இந்த ஊரில் வாழ்ந்து, பள்ளியாசிரியராக இருந்துகொண்டே எழுதினார். 1994இல் 'கோவேறு கழுதைகள்', பிறகு 'செல்லாத பணம்' நாவலுக்கு 2020ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது. ஒரு பெரிய பல்கலைக்கழகத் துறை செய்ய வேண்டிய வேலையை இரண்டு பேர், சம்பளத்துக்கு வேறு வேலை பார்த்துக்கொண்டு செய்திருக்கிறார்கள்.

'ஜெய் பீம்' படம் 2021 நவம்பரில் வந்தது. அந்தக் கதை நடந்த இடம் எது? நம் பக்கத்து முதனை, நம் பக்கத்துக் கம்மாபுரம் காவல் நிலையம். 1993இல் காவலில் செத்த ராஜாகண்ணுவின் வழக்கை உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் சந்துரு நடத்தினார். படத்தை வகுப்பில் போட்டேன். சென்னை மாணவி ஒருத்தி சட்டத்தின் வெற்றியைப் பார்த்தாள். ஒருவன் ஒரு காட்சியில் சுவரில் தொங்கிய நாள்காட்டியை மட்டும் பார்த்தான். அதில் இருந்த அக்னிக் குண்டம் தன் சாதியைக் குறிக்கிறது என்று கொதித்தான். எதிர்ப்பு எழுந்து தயாரிப்பாளர்கள் அந்த நாள்காட்டிப் படத்தை மாற்றியதும் உங்களுக்குத் தெரியும். வட்டார வழக்கைத் திருத்திக் கொடுத்த கண்மணி குணசேகரன் வாங்கிய 50,000 ரூபாயைத் திருப்பி அனுப்பினார். கடைசி பெஞ்சில் இருந்த ஒரு பையன், இந்தத் தாலுகாக்காரன், வேறொன்றைக் கேட்டான். "சார், செத்தவர் குறவர். படத்துல ஏன் இருளர்?"

நாள்காட்டியைப் பற்றித் தமிழ்நாடு வாரக்கணக்கில் சண்டை போட்டது. அந்தப் பையன் கேட்ட கேள்விக்கு அதில் கால்வாசி நேரம்கூடக் கிடைக்கவில்லை. படம் முக்கியமான படம், எடுத்தவர்களின் நோக்கமும் நல்ல நோக்கம். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் செத்தவரின் சமூகம் திரைக்கு வரும் வழியில் மாறிப்போனதைச் சின்ன விஷயம் என்று என்னால் விட முடியாது. அந்தக் கேள்வியைக் கேட்க அவனால் முடிந்தது எப்படி? அவனிடம் மச்சம் இருந்தது. அவன் வீட்டில் அந்தக் கதையைப் படம் வருவதற்கு முன்பே சொல்லியிருந்தார்கள்.

மாமா, வேலை விஷயத்துக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் நான் இறங்கினால் நீங்கள் வீட்டுக்கு அனுப்பமாட்டீர்கள்.

இந்தப் படிப்பு மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில் ஊடகமும் பண்பாடும் என்ற பெயரிலேயே இருக்கிறது. ஐதராபாத் ஆங்கில, அயல்மொழிப் பல்கலைக்கழகத்தில் பண்பாட்டு ஆய்வுத் துறை இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இதழியல் படிப்பு 1947இலேயே தொடங்கியது. கிட்டத்தில் வேண்டுமென்றால் திருவாரூர், மத்தியப் பல்கலைக்கழகம். அங்கே ஊடகத் துறை உண்டு. மணிமுத்தாற்றில் போட்டதைத் திருவாரூரில் எடுக்கிற வழி திறந்துதான் இருக்கிறது. பெரும்பாலான மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குக் கியூட் முதுநிலை நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். படித்தால் பத்திரிகை, ஆவணப்படம், செய்தியின் உண்மையைச் சரிபார்க்கும் வேலை, படங்களுக்கு வசனம் பெயர்க்கும் வேலை, அருங்காட்சியகம், தொண்டு நிறுவனம், விளம்பரம் என்று போகலாம். நெட் தேர்வில் தேறினால் கல்லூரி வாத்தியாராகலாம். ஆரம்பச் சம்பளம் பெரிதாக இருக்காது. சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போன பக்கத்து வீட்டுப் பையனோடு ஒப்பிட்டால் உங்களுக்கு ரத்தக் கொதிப்புத்தான் வரும், ஒப்பிடாதீர்கள்.

மொழிதான் உண்மையான தடை. பாடம் ஆங்கிலத்தில் இருக்கிறது. அரசுக் கல்லூரியில் தமிழ்வழியில் படித்து வருகிற பெண் முதல் பருவத்தில் வாயே திறக்கமாட்டாள். நான் பார்த்திருக்கிறேன். அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததை வைக்க அங்கே இடம் தரவில்லை. இதற்கு மாணவர்களிடம் சொல்ல என்னிடம் தந்திரம் எதுவும் இல்லை. என்னைப் போன்ற வாத்தியார்களிடம்தான் சொல்ல வேண்டும்: கட்டுரையைத் தமிழில் வாங்குங்கள், வகுப்பில் தமிழில் சண்டை போட விடுங்கள். லாங்டன் தொழிலாளிக்கு டானி அவன் பேசுகிற மொழியில்தானே பாடம் எடுத்தார்?

கடைசியாக, டம்ளர். இந்த ஊரில் செய்கிற பீங்கான் கப்பை எத்தனையோ டீக்கடைகளில் பார்த்திருக்கிறேன். எல்லாம் ஒரே அச்சில் ஊற்றி, ஒரே சூளையில் வெந்து, ஒரே மெருகு பூசி வந்தவை. கடைக்குப் போன பிறகுதான், இது இவருக்கு, அது அவருக்கு என்று பிரிகின்றன. இரட்டைக் குவளை சட்டப்படி குற்றம் என்று எல்லோருக்கும் தெரியும். அப்புறம் பிளாஸ்டிக் கப் வந்தது, பேப்பர் கப் வந்தது. குடித்துவிட்டு எறிகிற கப்பில் சாதி போய்விட்டதா, அல்லது 'உங்களுக்குப் பேப்பர் கப்பா?' என்று சிலரிடம் மட்டும் கேட்கிற பழக்கமாக மாறிக்கொண்டதா? எனக்குத் தெரிந்த பதிலை இங்கே சொல்லமாட்டேன். களிமண்ணைக் குழைத்தவரும் அச்சில் ஊற்றியவரும் மெருகு தோய்த்த பெண்களும் இதே அரங்கில் இருக்கிறீர்கள். அந்தக் கப்பில் நீங்கள் டீ குடித்தீர்களா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நான் இந்த மாதம் முழுக்க ஊரில் இருக்கிறேன். வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஆறு மணிக்கு மேல் எங்கள் வீட்டுத் திண்ணை காலியாகத்தான் இருக்கும். கல்லூரிப் பிள்ளைகள் ஆளுக்கொரு செராமிக் தொழிலாளியிடம் போய், அவர் குடித்த டம்ளர்களைப் பற்றிக் கேட்டு இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வாருங்கள். அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். எழுதி முடித்ததும் முதலில் அவரிடம் படித்துக் காட்டுங்கள், "இது யாரு டம்ளருக்குடா எழுதியிருக்க?" என்று அவர் கேட்டால் திருப்பி எழுதிவிட்டு வாருங்கள்.

மாமா, பாப்பாவை அனுப்பி வையுங்கள். நீங்களும் வாருங்கள்.